சலூன் – உள்ளே – பகல்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரைப் பிடித்து வைக்கக் கயிறெல்லாம் தேவையில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "அதுக்குள்ள என்னுங்க அவசரம்?" என்று கேட்டால் போதும். அவ்வளவு மரியாதையாகக் கேட்ட பிறகு எழுந்து போக யாருக்கு மனம் வரும்? நான் இருபத்தொன்பது வயது வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, அதட்டவில்லை, அறையில் வைத்துப் பூட்டவில்லை. பூட்டியிருந்தால் கதவை உடைத்திருப்பேன். எனக்குக் கோபம் நிறைய வரும். அதைக் காட்டத்தான் ஆள் கிடைக்காது.

அப்பாவுக்குக் கணபதி ஏரியாவில் கிரைண்டர் கம்பெனி. இன்ஜினியரிங் முடித்த கையோடு என்னை அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். "கல்லு சுத்தமாட்டேங்குதுங்க" என்று ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வரும் போன்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்கும். அதைச் சொல்லிவிட்டு, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த போனை எடுப்பேன்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அப்பாவும் நானும் டிவியில் தமிழ் பேசும் கவ்பாய் படங்கள் பார்ப்போம். அப்பா அவற்றைக் குதிரைப் படம் என்பார். வெயிலில் ஒருவன் குதிரையில் வருவான், ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும், சுட வேண்டியவர்களைச் சுட்டுவிட்டுக் கடைசியில் அவன் பாட்டுக்குப் போய்விடுவான். அப்பாவுக்குச் சண்டை பிடிக்கும். எனக்கு அந்தப் போவது பிடிக்கும். யாரிடமும் சொல்லாமல், சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் தடுக்காமல், சும்மா போவான்.

காலேஜில் இன்னொரு வகைப் படம் வந்து சேர்ந்தது. நுவார் என்பார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைக் குற்றக் கதைகள். ஜன்னல் சட்டத்தின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழும். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த பிறகும் ஒருவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடப்பான். அப்பாவை ஒருமுறை பிடித்து உட்கார வைத்துக் காட்டினேன். "என்ன கண்ணு இது, விடியவே மாட்டேங்குது" என்று பாதியில் எழுந்துவிட்டார்.

கொச்சியில் விளம்பரப் படம் எடுக்கும் ஒரு குழுவில் என் காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தி இருந்தாள். "உன் கையால ஒரு படம் எடுத்துட்டு வா, எங்க டீம்ல உனக்கு இடம் இருக்கு" என்று சொல்லியிருந்தாள். அப்பாவிடம் இதைச் சொல்ல ஒரு வாரம் பயந்தேன். பயந்ததற்கு அர்த்தமே இல்லை. அப்பா தடை சொல்லவே இல்லை.

"எடுத்துப்போடு அம்மணி. ஆசைய உள்ளயே வெச்சுக்கக் கூடாது. படத்த முடிச்சுப்போட்டு மத்ததப் பேசிக்கலாம்."

மத்தது என்றால் கல்யாணம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பும் நார் மில்லும் இருக்கிற குடும்பம். பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களும் "படம் முடியட்டுமுங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை அன்று என்னிடம் தனியாகப் பேசும்போது, படத்தில் குதிரை வருகிறதாமே, உண்மையான குதிரையா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். அவர் மோசமான ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆக, படம் முடிந்தால் கொச்சி என்று நான் நினைத்தேன். படம் முடிந்தால் பொள்ளாச்சி என்று மற்ற எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படத்துக்கு வேலை செய்தோம். என் சினேகிதர்கள் எடுத்த குறும்படங்களுக்கெல்லாம் வீட்டில் சண்டை நடந்தது. என் படத்துக்கு அப்பா வேனில் சாப்பாடு அனுப்பினார். எனக்கு மூச்சு முட்டியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சோறு போடுகிறார்கள் என்று போலீஸில் புகார் கொடுக்க முடியுமா?

கதை சின்னதுதான். ஒரு பெண் குதிரையில் ஓர் ஊருக்கு வருகிறாள். அந்த ஊர்ப் பெரிய மனிதர் அவள் அண்ணனைக் கொன்றவர். அவரைத் தேடிப் பிடித்து, சுடாமல், உண்மையை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டு மேற்கே போய்விடுகிறாள். எங்களுக்கு மேற்கு என்றால் பாலக்காட்டுக் கணவாய். மதுக்கரையைத் தாண்டினால் மலை இரண்டாகப் பிரிந்து வழிவிடும், அந்தப் பக்கம் கேரளா. அதனால் மதுக்கரையிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன். சுண்ணாம்புக்கல் மண், சிமெண்ட் தூசி, வெளுத்த செடிகள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எந்த நாடு என்று சொல்ல முடியாது. முதல் நாளிலிருந்தே மனதில் ஒன்று உறுதியாக இருந்தது. நான் போகிறேனோ இல்லையோ, இவள் போய்விட வேண்டும். கடைசி ஷாட்டில் அவள் புள்ளியாகி மறைய வேண்டும். படமே எனக்கு அதற்காகத்தான்.

குதிரைக்காரியாக நடித்தது என் சினேகிதி. காலேஜில் கணக்கு சொல்லித்தருகிறவள், சின்ன வயதில் ஊட்டியில் குதிரை ஏறியதைத் தகுதியாகச் சொன்னவள். பெரிய மனிதர் என் பெரியப்பா. மீசையும் நடையும் கேட்காமலே வில்லனுக்குப் பொருந்தின. கேமராமேன் அப்பா பிடித்துக் கொடுத்தவர். கல்யாண வீடியோ எடுப்பதில் காந்திபுரத்தில் அவருக்கு நல்ல பேர். துப்பாக்கி, தீபாவளிக்குக் கேப் வெடிக்கிற துப்பாக்கி. கறுப்பு பெயிண்ட் அடித்தோம்.

இடம் பிடிக்கிற பொறுப்பை அப்பாவே எடுத்துக்கொண்டார். நான் எழுதிய திரைக்கதையை வாங்கிக் கம்பெனியில் உட்கார்ந்து படித்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். முக்கியமான காட்சிக்கு நான் இப்படி எழுதியிருந்தேன்: சலூன் – உள்ளே – பகல். குதிரைப் படங்களில் வருமே, இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு, பாட்டில்கள், சீட்டாடுகிறவர்கள், அந்தச் சலூன். மதுக்கரைப் பக்கம் ஒரு பழைய ஹோட்டலையோ கிடங்கையோ அப்படி மாற்றலாம் என்று எண்ணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வேன் போய் நின்ற இடம் ஒரு முடிவெட்டும் கடை.

"சலூன் வேணும்னு எழுதியிருந்தயே கண்ணு" என்றார் அப்பா. "செவ்வாக்கெழமை அவங்களுக்கு லீவு. பொழுது வரைக்கும் நமக்கே குடுத்துட்டாங்க. சுத்தமா கழுவியும் வெச்சிருக்காங்க பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்பா, சலூன்னா குடிக்கற எடமுங்கப்பா" என்றேன். அப்பா கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்மூருல சலூன்னா இதுதான் கண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தனை குதிரைப் படம் பார்த்த மனிதருக்கு அது தெரியாதா? பெண் பிள்ளை சாராயக் கடை மாதிரி ஓரிடத்தில் நின்று படம் எடுப்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று யோசித்தாரா? இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்டால் சிரிப்பார்.

கத்தியிருப்பேன். ஆனால் உள்ளே போய் நின்றதும் வாய் அடைத்துவிட்டது. எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு கண்ணாடி. பின்சுவரில் இன்னொன்று. நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்த சுழல் நாற்காலி. ஷட்டரைப் பாதி இறக்கினால் அதன் ஓட்டைகள் வழியாக வெயில் வரிசை வரிசையாகத் தரையில் விழுந்தது. இத்தனை நாள் நான் லேப்டாப்பில் பார்த்து ஏங்கிய வெளிச்சம் அது. பெரிய மனிதர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, முகமெல்லாம் சோப்பு நுரை, கண்ணை மூடியிருக்கிறார். கத்தி கழுத்தில் படுகிறது. கண்ணைத் திறந்தால் கண்ணாடியில் அவள். அசைய முடியாது. பேசத்தான் முடியும். துப்பாக்கியே வேண்டாம்.

அங்கேயே காட்சியை மாற்றி எழுதினேன். நான் எழுதியிருந்ததைவிட நன்றாக வந்தது. அதுதான் எரிச்சல். அப்பாவின் தப்பு என் படத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவுக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்ததால் லைட் பார்க்க நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ துணியை என் கழுத்தில் கட்டினார்கள். கை இரண்டும் துணிக்குள்ளே போய்விட்டன. முன்கண்ணாடியில் நான், பின்கண்ணாடியில் என் பின்தலை, அதற்குள் மறுபடி நான், அதற்குள்ளும் நான். வாசலோரம் நின்ற அப்பாவும் அத்தனை கண்ணாடியிலும் இருந்தார். கேமராமேன் லென்ஸைத் திருகிக்கொண்டே, "மேடம், உங்க ரிசப்ஷனுக்கும் இதே லென்ஸ்தானுங்க போடறேன். மூஞ்சி அப்படியே பளிச்சுனு வரும்" என்றார்.

"எந்த ரிசப்ஷன்?" என்றேன்.

சினேகிதி தொப்பியைத் தட்டித் தூசியை ஊதினாள். பெரியப்பா நுரையோடு அப்பாவைப் பார்த்தார். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், சாப்பாடு கொண்டுவந்த வேன் டிரைவருக்குக்கூடத் தெரியும் போலிருந்தது. நான் ஒருத்திதான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறேன்.

அப்பா பக்கத்தில் வந்தார். "தையில மண்டபம் கெடைக்கறது குதிரைக் கொம்பு கண்ணு. ஒண்ணு காலியா இருந்துச்சு, பேசிப்போட்டேன். உனக்குத்தான் படத்து நெனப்பு, எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல. நீ மெதுவா முடி. ஒண்ணும் அவசரமில்ல."

"நான் இன்னும் யோசிக்கோணுமுங்கப்பா" என்றேன். என் கை துணிக்குள்ளே இருந்தது.

"யோசி கண்ணு. யாரு வேண்டாங்கறாங்க?" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

அழுகை வந்தது. மூக்கைத் துடைக்கக் கையை வெளியே எடுக்க முடியவில்லை. கேமராமேன் லைட் சரியாக இருக்கிறது என்றார். அந்தக் காட்சியை அன்றைக்கே எடுத்து முடித்தோம். பெரியப்பா பிரமாதமாக நடித்தார்.

அதற்குப் பிறகு நான் படத்தை முடிக்காமல் இருக்கிற வேலையில் இறங்கினேன். மிச்சம் இருந்தது குதிரை வேண்டிய ஒரே நாள்தான், கடைசி ஷாட்டும் அதில்தான். மேகம் சரியில்லை என்றேன். காற்று வேண்டும் என்றேன். மதுக்கரையில் காற்று இல்லை என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கம்பெனியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அறுந்த பெல்ட்டுகளுக்குப் பதில் சொன்னேன். படம் முடியாத வரைக்கும் கல்யாணம் நடக்காது என்று ஒரு மூட நம்பிக்கை. ஆனால் படம் முடியாத வரைக்கும் கொச்சியும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஷாட்தான் நின்றது. வீட்டில் யாரும் என்னை விரட்டவில்லை. அம்மா மட்டும், கடைசி நாளுக்கு என்ன நிறம் நன்றாக இருக்கும் என்று கேட்டாள். அவள் கேட்டது ரிசப்ஷன் புடவையை. படத்தின் கடைசி நாளைக் கேட்கிறாள் என்று நினைத்துக் கறுப்பு என்று சொல்லிவிட்டேன். அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கடைசியில் சினேகிதிக்கு லீவு தீரப்போகிறது என்று ஆனதால் வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

குதிரை அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். வெள்ளைக் குதிரை, பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை என்பதை அவர் சொல்லவில்லை. நாலடி எடுத்து வைக்கும், நின்றுவிடும். பேண்ட் சத்தம் கேட்டால்தான் நகருமாம். குதிரைக்காரர் தன் போனில் பேண்ட் வாத்தியத்தைப் போட்டார். ராஜா தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். பழிவாங்க வந்த பெண்ணுக்குப் பின்னணியில் கல்யாணப் பாட்டு. சத்தத்தை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்று சொல்லி என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்கு முன்னால் அவள் கடை வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "போறேன்." அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை. கேமரா ஓடியதும் "வாரேன்" என்றாள். மறுபடி எடுத்தோம். "வாரேன்." எங்களில் யாரும் வாசல்படியில் நின்று போறேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. பால்காரர்கூட வாரேனுங்க என்றுதான் போவார். போறேன் என்றால் ஒரேயடியாகப் போவது. பெரியவர்கள் காதில் விழுந்தால், அப்படிச் சொல்லாதே சாமி என்று பதறிவிடுவார்கள்.

"இவ திரும்பி வரமாட்டாடி. ஒரேயடியாத்தான் போறா. சொல்லு" என்று கத்தினேன். இத்தனை மாதத்தில் நான் கத்தியது அவளிடம் மட்டும்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "போறேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதை வெட்டிவிட்டோம். அப்புறம் குதிரை ஏறி மேற்கே போனாள். கணவாயிலிருந்து நான் கேட்ட காற்று வந்தது. வெள்ளைத் தூசி எழும்பியது. அவள் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மலைகளுக்கு நடுவே காணாமல் போனாள். நான் கட் சொல்லவே இல்லை. கேமராமேன் திரும்பிப் பார்த்து, தானே நிறுத்தினார். என்னமோ நானே ஊரைத் தாண்டிவிட்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

எடிட்டிங் முடித்துக் கொச்சிக்கு அனுப்பினேன். சீனியர் அக்கா பார்த்துவிட்டு, கடைசி ஷாட்டுக்காகவே உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள், உடனே கிளம்பி வா என்றாள். நான் நேராக அப்பாவிடம் போனேன். பத்திரிகை அடித்து வந்திருந்தது, மேஜையில் கட்டுக்கட்டாக மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"கொச்சில கூப்பிடறாங்கப்பா. வேலைக்கு. இப்பவே."

"பாத்தயா, நான் சொல்லல?" என்று அப்பா முகமெல்லாம் சிரித்தார். "தாராளமா போயிட்டு வரலாம் கண்ணு. கல்யாணம் முடியட்டும். மாப்பிள்ளையே கார்ல கூட்டிட்டுப் போவாரு. பொள்ளாச்சில இருந்து கொச்சி என்ன தூரம்?"

எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா என்றேன். சொன்னேன், நிஜமாகவே சொன்னேன். எங்கள் பக்கம் விருந்தில் எல்லோரும் முதலில் வேண்டாமுங்க என்றுதான் சொல்வார்கள். பரிமாறுகிறவர் அதைக் காதிலேயே வாங்கமாட்டார், இலையில் இன்னொன்று வந்து விழும். அப்பா என் தலையைத் தடவி, "எல்லாப் புள்ளைகளும் இப்படித்தான் சொல்லும்" என்றார். கொச்சிக்கு, கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று எழுதினேன். சரி என்றாள் சீனியர் அக்கா. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

சரி, அவள் போய்விட்டாள் அல்லவா, அது போதும் என்று நினைத்தேன். அப்படித்தான் பட்டுப்புடவையும் கட்டிக்கொண்டேன்.

ரிசப்ஷனில் மேடைக்கு எதிரே பெரிய எல்இடி திரை வைத்திருந்தார்கள். கைகுலுக்க வந்த வரிசை நடுவில் நிற்கும்போது அப்பா மைக்கை வாங்கி, "எங்க அம்மணி எடுத்த படமுங்க, வந்த ஒறம்பரையெல்லாம் உக்காந்து பாத்துட்டுத்தான் சாப்பிடப் போவோணும்" என்றார். எனக்குச் சொல்லவே இல்லை. விளக்கைக் குறைத்தார்கள். பெரியப்பா திரையில் வந்ததும் மண்டபமே கைதட்டியது. சலூனில் அவர் முகத்து நுரையைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி ஷாட் வரட்டும், அப்போது சிரிக்கமாட்டீர்கள் என்று காத்திருந்தேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். "வாரேன்" என்றாள்.

வெட்டி எறிந்த டேக். யார் எடுத்துச் சேர்த்தது என்று நான் யோசிப்பதற்குள் மலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதானது. குதிரை பின்பக்கமாக நடந்து வந்தது. வால் முன்னால், தலை பின்னால். எழும்பியிருந்த தூசியெல்லாம் இறங்கி மண்ணிலேயே படுத்துக்கொண்டது. அவள் முகம் மேற்கைப் பார்த்தபடியே இருக்க, பின்னலைப் பிடித்து இழுத்து வருவது போல அவளைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திரையில் சுபம் என்று வந்தது.

என்ன கைதட்டல்!

என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை குனிந்து, "ஏனுங்க, குதிரை எதுக்குங்க பின்னாலயே நடந்து வருது?" என்று கேட்டார். மண்டபத்தில் அத்தனை பேரில் அவருக்கு மட்டும்தான் அது தோன்றியது.

அப்பா மேடை ஏறி வந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கல்யாண மண்டபத்துல ஒரு பொண்ணு ஊட்ட உட்டுப் போற மாதிரி முடிச்சா நல்லா இருக்காதில்ல கண்ணு? அதான் கேமராக்காரர்கிட்ட கடைசில சித்தே மாத்தச் சொன்னேன். எப்புடி இருக்குது?"

என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்ததே அந்த ஒரு ஷாட்தான் அப்பா, அதைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கீழே வரிசையில் பரிசுப் பொட்டலங்களோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் குழந்தைக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை அந்த முகத்தில்.

"நல்லா இருக்குதுங்கப்பா" என்றேன்.

கேமராமேன் கீழே இருந்து கையைக் காட்டினார். "மேடம், கொஞ்சம் மாப்பிள்ளை பக்கமா சாஞ்சு நில்லுங்க."

சாய்ந்து நின்றேன்.